நோவு தணித்த பேரறிஞர் சேர்ட்டூர்னர்

மக்கட் குலத்தை வருத்தும் பகைகளுள் நோவினும் பழமையானது பிறிதொன்றில்லை. நோய் உடலின் ஓர் உறுப்பைப் பற்றும். நோவோ உடலையும் உள்ளத்தையும் அறிவையும் ஒருங்கே பற்றி வாட்டும். அதனைத் தணிக்கும் வழியை மனிதன் நெடுங்காலமாகத் தேடி வந்தான். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அப்பாலை உலர்த்திப் பெறும் அபின், பண்டைக் கிரேக்கர் காலந்தொட்டே வைத்தியர்களின் கையில் இருந்த அரும்பெரும் மருந்தாகும்.

ஆயினும் அபினில் ஒரு பெருங்குறை இருந்தது. விளைந்த நிலம், பெய்த மழை, வணிகர் செய்த கலப்படம் ஆகியவற்றுக்கேற்ப அதன் ஆற்றல் கூடியும் குறைந்தும் நின்றது. ஒரே நிறையுள்ள அபினை வைத்தியர் இருவருக்குக் கொடுப்பார். ஒருவர் நோவு தணியாது இரவு முழுவதும் புரள்வார். மற்றவர் உறங்கியவர் எழமாட்டார். நிறுத்துக் கொடுத்தும் அளவறியாத மருந்தாகவே அபின் இருந்தது. இக்குறையை நீக்கியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரல்லர்; மருந்துக் கடையொன்றில் தொழில் பயின்ற ஓர் இளைஞர். அவரே பிரடெரிக் வில்கெல்ம் சேர்ட்டூர்னர்.

யேர்மனியின் வெஸ்ற்பாலியாப் பகுதியில், பாடர்போன் நகரை அடுத்த நொய்ஹவுஸ் என்னும் ஊரில், 1783ஆம் ஆண்டு யூன் மாதம் 19ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் ஒஸ்திரிய நாட்டினர். அப்பகுதியை ஆண்ட ஆயரரசரிடம் நில அளவையாளராகவும் பொறியியலாளராகவும் பணி புரிந்தவர். மகன் இளைஞனாவதற்கு முன்னரே அவர் காலமானார். குடும்பம் தளர்ந்தது. உயர்கல்விக்கு வழி இல்லாத நிலையில், 1799இல், பதினாறு வயதுச் சிறுவன் பாடர்போனில் கிராமர் என்பவரின் மருந்துக் கடையில் தொழில் பயிலச் சேர்ந்தான். மூலிகைகளை இடித்தலும், வடித்தலும், நிறுத்தலும், புட்டிகளைக் கழுவுதலும் அக்காலப் பயிலுநரின் அன்றாட வேலைகள். நான்கு ஆண்டுகள் அவ்வாறு உழைத்து, 1803இல் உதவி மருந்தாளருக்குரிய தேர்வில் அவர் சித்தியெய்தினார்.

அபினின் ஆற்றலுக்குக் காரணமான பொருள் யாது என்னும் வினா அந்த இளைஞரைப் பற்றிக்கொண்டது. அபினில் நூற்றில் பத்துப் பங்கு அளவே அப்பொருள். எஞ்சியவை பிசினும் நிறப்பொருள்களும் பிறவுமாம். நெல்லிலிருந்து உமியை நீக்குவதுபோல அதனைப் பிரித்தெடுத்தால், அளவு தவறாமற் கொடுக்கலாமன்றோ என்று அவர் எண்ணினார். கடையில் வேலை ஓய்ந்த நேரங்களில், எளிய கருவிகளைக் கொண்டே ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அக்கால இரசாயன அறிஞர்கள், செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் வினையாற்றல் மிக்க பொருள்கள் அமிலங்களாகவே இருக்கும் என்று நம்பியிருந்தனர். சேர்ட்டூர்னரும் முதலில் அபினிலிருந்து ஓர் அமிலத்தையே பிரித்தெடுத்தார். மெக்கோனிக்கமிலம் எனப்படும் அது உறக்கம் தரும் பொருளன்று. பின்னர் அபின் கரைசலில் அமோனியாவைச் சேர்த்தார். கலங்கிய கரைசலின் அடியில் ஒரு வீழ்படிவு தங்கிற்று. அதனைக் கழுவி, அற்ககோலிற் கரைத்துத் தூய்மையாக்கியபோது நிறமற்ற பளிங்குகள் தோன்றின. அவை நீரில் எளிதிற் கரையவில்லை, அமிலத்திற் கரைந்தன, அமிலத்தோடு கூடி உப்புக்களை ஆக்கின. எனவே அப்பொருள் அமிலமன்று. காரத் தன்மை உடையது. அபினுக்குள் மெக்கோனிக்கமிலத்தோடு பிணைந்து கிடந்த அதனை அமோனியா விடுவித்தது என்பதே இதன் உட்பொருள். நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவை மயங்கி உறங்கின. அளவு மிக்கபோது சில இறந்தும் போயின. தேடிய பொருள் அதுவே என்பது உறுதியாயிற்று.

1805ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் துரொம்ஸ்டோவ் என்பார் நடத்திய மருந்தாளர் சஞ்சிகையில் இம்முடிவுகளை அவர் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று. உலகம் திரும்பியும் பார்க்கவில்லை. பட்டமில்லாத ஒரு கடை உதவியாளனின் சொல்லைப் பேரறிஞர் எவர் பொருட்படுத்துவர்? செடியிலிருந்து காரம் கிடைக்கும் என்பதும் அன்றைய கொள்கைக்கு முரணாக இருந்தது.

1806இல் அவர் ஐன்பெக் என்னும் நகருக்குப் பெயர்ந்தார். அப்பகுதி நெப்போலியனின் ஆதிக்கத்துட்பட்டபோது தொழில் தொடங்கும் உரிமை எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது. அதனைப் பயன்படுத்தி 1809இல் தமக்கென ஒரு மருந்துக் கடையைத் திறந்தார். ஆனால் பிரெஞ்சு ஆட்சி வீழ்ந்து பழைய ஆட்சி மீண்டதும், அவ்வுரிமை செல்லாதென்றாயிற்று. வழக்காடியும் பயனின்றிக் கடையை இழக்க வேண்டியவரானார். கண்டுபிடிப்புக்குப் புகழும் இல்லை. கைத்தொழிலுக்கு உறுதியும் இல்லை. வேறொருவராயின் அத்துடன் சோர்ந்திருப்பர். சேர்ட்டூர்னரோ தம் பழைய பளிங்குகளை மீண்டும் கையிலெடுத்தார்.

நாய்கள் உறங்கியதைக் கண்டு உலகம் நம்பவில்லையாயின், மனிதர் உறங்கிக் காட்ட வேண்டும் என்று துணிந்தார். பதினேழு வயதுக்கு மேற்படாத இளைஞர் மூவரைத் துணை கொண்டு, தாமும் அவர்களுமாக நால்வரும் மருந்தை உட்கொண்டனர். முதலில் அரைக் கிரெயின், அஃதாவது ஏறத்தாழ முப்பது மில்லிகிராம், அற்ககோலிற் கரைத்து நீர் கலந்து பருகினர். முகம் சிவந்தது, உடல் சூடேறியது. அரைமணி நேரங் கழித்து மேலும் அரைக் கிரெயின் உட்கொண்டனர். குமட்டலும் தலைச்சுற்றலும் தோன்றின. கால்மணி நேரத்தில் மூன்றாம் முறையும் அரைக் கிரெயின்! முக்கால் மணி நேரத்துள் தொண்ணூறு மில்லிகிராம் அளவு உடலிற் சேர்ந்துவிட்டது. இன்றைய வைத்தியர் ஒரு வேளைக்குப் பத்து மில்லிகிராம் அளவிலேயே பெரும்பாலும் தொடங்குவர் என்பதை நினைந்தால், அவர்கள் இறப்பின் வாயிலை எவ்வளவு நெருங்கினர் என்பது புலனாகும். இளைஞர்கள் மயங்கிச் சாய்ந்தனர். கனவும் நனவுமற்ற நிலையிற் கிடந்த சேர்ட்டூர்னர் அபாயத்தை உணர்ந்து, கடுஞ் சாடியைத் தாமும் பருகி ஏனையோரையும் பருகச் செய்தார். வாந்தி உண்டாயிற்று, உயிர்கள் தப்பின. தலைவலியும் வயிற்றுக் கோளாறும் அதன் பின்னரும் நீடித்தன.

இச்சோதனையைப் புகழ்வதா, கடிவதா? இன்று அறிவியலுலகில் உள்ள நெறிமுறைக் குழு எதுவும் இதனை அனுமதியாது. உலகறியாத இளைஞர் மூவரை இத்தகைய அபாயத்துக்கு உள்ளாக்கியது குற்றமே. எனினும், பிறர்க்குக் கொடுத்த ஒவ்வொரு துளியையும் தாமும் அருந்தினார் என்பதையும், நேர்ந்த தீங்கை மறையாது எழுதினார் என்பதையும் மறத்தல் ஆகாது.

1817இல் இலைப்சிக் நகரிலிருந்து வெளிவந்த கில்பேட்டின் பௌதிக சஞ்சிகையில் அவரது விரிவான கட்டுரை வெளியாயிற்று. கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோபியஸின் பெயரால் அப்பொருளை மோபியம் என அவர் அழைத்தார். இம்முறை அது தக்கவரின் கண்ணிற் பட்டது. வாயு விதியால் நம் மாணவர் நன்கறிந்த கேலுசாக்கு, அக்கட்டுரையின் பெருமையை உணர்ந்து பிரெஞ்சு மொழியிற் பெயர்த்து வெளியிடுவித்தார். மோபின் என்ற பெயரையும் அவரே வழங்கினார். செடிகளில் இத்தகைய காரங்கள் இன்னும் பல இருத்தல் கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது. பெல்தியேர், கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1818இல் எட்டியினத்துக் கொட்டையிலிருந்து திரிக்கினினையும், 1820இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனையும் பிரித்தெடுத்தனர். அல்கலொயிட்டு என்னும் பெருங் குடும்பத்துக்கு மோபினே தலைப்பிள்ளையாயிற்று.

1817இலேயே யேனாப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஆயினும் புகழோடு பூசலும் வந்தது. பரிஸ் நகரத்து டெரோன் என்பவர் 1803இலேயே அபினிலிருந்து ஓர் உப்பைப் பிரித்தவர். முதன்மை அவருக்கே உரியது எனச் சிலர் வாதிட்டனர். டெரோனின் உப்பு பெரும்பாலும் வேறொரு பொருள் என்பதை உரொபிக்கே ஆராய்ந்து காட்டினார். ஈற்றில், 1831இல், பிரெஞ்சுப் பேரவை தன் நாட்டவரை விடுத்து, சேர்ட்டூர்னருக்கே இரண்டாயிரம் பிராங்கு பரிசளித்துச் சிறப்பித்தது.

1820களின் தொடக்கத்தில் ஹாமெலின் நகருக்குச் சென்று, அங்கேயே மருந்தாளராக அவர் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1831இல் கொள்ளைநோயாகிய கொலரா ஐரோப்பாவிற் பரவியபோது, அதன் காரணம் தானே பெருகும் ஆற்றலுடைய நச்சுயிர் ஒன்றே என்று எழுதினார். கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது, எவரும் செவிசாய்க்கவில்லை. கொக்கு என்னும் அறிஞர் அக்கிருமியை இனங்காட்டியது அதற்கு அரை நூற்றாண்டின் பின்னரேயாம். முடக்குவாதம் போன்ற மூட்டு நோயால் வருந்தி, மனிதர் கூட்டத்தினின்றும் ஒதுங்கி வாழ்ந்த சேர்ட்டூர்னர் 1841ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி காலமானார். அவர் உடல் ஐன்பெக் நகரில் அடக்கஞ் செய்யப்பட்டது.

அவர் கண்ட பொருள் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது நெடுங்காலம் மறைபொருளாகவே இருந்தது. 1973இல் மூளையில் மோபின் சென்று பொருந்தும் வாங்கிகள் இருத்தல் நிறுவப்பட்டது. 1975இல் அபடீன் நகரத்து ஹியூசும் கொஸ்ரலிற்சும், அவ்வாங்கிகளிற் பொருந்தும் பொருளை நம் உடலே ஆக்கிக்கொள்கின்றது என்று காட்டினர். மோபின் காயத்தை ஆற்றுவதில்லை. காயத்திலிருந்து நரம்பு கொண்டுவரும் செய்தியை முள்ளந்தண்டு நாணிலும் மூளையிலும் மட்டுப்படுத்துகின்றது. அஸ்பிரின் தொழிற்படுவது வேறு வகை. அழற்சியுற்ற இடத்தில் வீக்கத்தையும் நோவையும் மிகுவிக்கும் புரொஸ்ரகிளாண்டின்கள் உண்டாகாமல் அது தடுக்கின்றது என்பதை 1971இல் யோன் வேன் விளக்கினார். ஒன்று தீயின் மூலத்தைத் தணிப்பது. மற்றையது தீயின் வெம்மை நம்மை எட்டாது காப்பது. இரண்டும் வைத்தியருக்கு வேண்டுவனவே.

மோபினால் விளைந்த தீமையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1827இல் மேர்க்கு நிறுவனம் அதனை வணிகப் பொருளாக்கிற்று. 1850களில் ஊசி மருந்தேற்றும் முறை பரவியதும் எண்ணற்றோர் அதற்கு அடிமையாயினர். மூச்சை ஒடுக்கிக் கொல்லும் இயல்பும் அதற்கு உண்டு. அதனினும் கொடிய ஹெரோயின் 1898இல் இருமல் மருந்தென்றே விற்பனைக்கு வந்தது. ஆனால் புற்றுநோயால் துடிக்கும் ஒருவரின் இறுதி நாள்களை அமைதியாக்க மோபினுக்கு ஈடான மருந்து அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இன்றும் அது இடம்பெறுகின்றது. செல்வ நாடுகள் சிலவற்றில் இவ்வின மருந்துகளின் மிகுதியால் மக்கள் மடிகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் ஒரு வேளை மோபினும் கிட்டாமல் நோவோடு மடிகின்றனர். அளவறிந்து கொடுத்தலே சேர்ட்டூர்னர் தீர்க்கப் புகுந்த சிக்கல். பளிங்கைப் பெற்ற பின்னும், மக்களிடையே அதனை அளவறிந்து வழங்கும் சிக்கல் தீர்ந்தபாடில்லை.

மாணவர்காள்! சேர்ட்டூர்னருக்குப் பெரிய ஆய்வுகூடம் இருக்கவில்லை; பட்டமும் இருக்கவில்லை. நிறுக்கும் தராசும், அயராத கையும், கண்டதைக் கண்டபடி எழுதும் உள்ளமுமே அவரிடம் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் உலகம் கேளாதிருந்தபோதும் தாம் கண்ட உண்மையை அவர் கைவிடவில்லை. நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் வீழ்படிவொன்றை வடிகட்டி நிற்கும் நாளில் அம்மருந்துக் கடைப் பையனை ஒருமுறை நினைந்து கொள்ளுங்கள்.