காட்டையே கோட்டையாக்கிய பழசி ராஜா

நீலகிரி மாவட்டத்தில், கூடலூரிலிருந்து நிலம்பூர் போகும் சாலையில் இருக்கிறது நாடுகாணி. பெயருக்கு ஏற்ற ஊர்! மலை விளிம்பில் நின்றால், கீழே மலையாள நாடு பச்சைப் பாய் விரித்தாற்போலத் தெரியும். இன்று அந்தப் பக்கமெல்லாம் தேயிலைத் தோட்டம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அது அடர்ந்த காடு.

அந்தக் காலத்தில் கூடலூர், நாடுகாணி, பந்தலூர் ஆகிய ஊர்கள் வயநாட்டைச் சேர்ந்தவை. 1877-ம் ஆண்டில்தான் அவை நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. அந்த வயநாட்டுக் காட்டை நம்பி, கிழக்கிந்தியக் கும்பினியையே எதிர்த்து நின்றார் ஓர் அரசர். அவர்தான் பழசி ராஜா.

ஓடாத இளவரசர்

அவருடைய முழுப்பெயர் கேரளவர்மா. வட மலபாரில், தலைச்சேரிக்கு அருகே இருந்த கோட்டயம் என்ற சிறு நாட்டின் அரச குடும்பத்தில் 1753-ம் ஆண்டில் பிறந்தார். திருவிதாங்கூரில் உள்ள கோட்டயம் வேறு, இது வேறு. பழசி என்ற ஊரில் அவருக்கு அரண்மனை இருந்ததால் 'பழசி ராஜா' என்ற பெயர் நிலைத்தது.

மைசூர்ப் படை மலபாருக்குள் புகுந்தபோது, குடும்பத்தின் மூத்தவர்கள் திருவிதாங்கூருக்குப் போய் அடைக்கலம் புகுந்தார்கள். இளைஞரான கேரளவர்மா போகவில்லை. மக்களோடு மக்களாக இருந்து, காட்டில் மறைந்து போரிட்டார். குடிமக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

மைசூரை எதிர்த்த போரில் அவர் கும்பினிக்கு உதவியும் செய்தார். போர் முடிந்ததும் தம் நாடு தமக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார். நடந்தது வேறு!

வரியால் மூண்ட போர்

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி மலபார் கும்பினியின் கைக்கு வந்தது. கும்பினிக்கு வேண்டியது பணம். கோட்டயத்தில் வரி வசூலிக்கும் உரிமையை, உதவி செய்த பழசியிடம் கொடுக்காமல், அவருடைய மாமா குறும்பிரநாட்டு ராஜாவிடம் குத்தகைக்கு விட்டார்கள்.

பல ஆண்டுப் போரில் நிலமெல்லாம் பாழாகிக் கிடந்தது. வயிற்றுக்கே இல்லாதவன் வரிக்கு எங்கே போவான்? 1795-ல் பழசி ராஜா, தம் நாட்டில் வரி வசூல் நடக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்.

1796 ஏப்ரலில் கும்பினிப் படை பழசி அரண்மனைக்குள் பாய்ந்தது. ராஜா அங்கே இல்லை. வந்தவர்கள் அரண்மனைச் செல்வத்தைச் சூறையாடினார்கள். ராஜாவோ வயநாட்டு மலைக்கு ஏறிவிட்டார்.

மறு ஆண்டு மார்ச்சில் பெரியா கணவாயில் கும்பினிப் படை சிக்கிக்கொண்டது. மேஜர் காமரூன் உள்படப் பலர் மாண்டார்கள். பம்பாய்க் கவர்னர் ஜானதன் டங்கனே நேரில் வந்து சமாதானம் பேசினார். மாமாவின் குத்தகை ரத்தாயிற்று. ராஜாவுக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் கொடுப்பதாக ஒப்பந்தமாயிற்று.

வில்லும் துப்பாக்கியும்

அந்த அமைதி நீடிக்கவில்லை. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும், வயநாடும் தனக்கே சொந்தம் என்றது கும்பினி. மீண்டும் போர் மூண்டது. படைத்தலைவராக வந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவரே!

வெல்லெஸ்லி காட்டுக்குள் சாலை போட்டார். வழியெங்கும் காவல் நிலையங்கள் வைத்தார். கடற்கரையிலிருந்து காட்டுக்குப் போகும் உணவுப் பொருள்களைத் தடுத்தார். ராஜாவின் துணைவரான கண்ணவத்து சங்கரன் நம்பியாரை 1801-ல் தூக்கிலிட்டார்கள்.

மக்கள் பயந்து பதுங்கினார்களா? இல்லை. வயநாட்டுப் பழங்குடிகளான குறிச்சியரும் குறும்பரும் வில்லெடுத்து வந்தார்கள். 1802 அக்டோபரில், எடச்சேன குங்கனும் குறிச்சியர் தலைவன் தலைக்கல் சந்துவும் சுமார் 150 வில் வீரர்களோடு பனமரம் கோட்டையைத் தாக்கினார்கள். அங்கே இருந்த 70 சிப்பாய்களும் அதிகாரிகளும் மாண்டார்கள். கோட்டை விழுந்தது!

இந்த நேரத்தில், கலெக்டராக இருந்த மேஜர் மக்லியோட் நிலவரியை உயர்த்தினார். மக்களிடம் இருந்த ஆயுதங்களைப் பறிக்கவும் உத்தரவிட்டார். மலபார் முழுவதும் கொதித்து எழுந்தது. 1803-ல் மக்லியோட் பதவியை விட்டுப் போனார். பின்னால் வந்தவர் வரி உயர்வைக் கைவிட்டார். படை பலத்தால் அடக்க முடியாத நாட்டை வரிக் குறைப்பு ஓரளவு அமைதிப்படுத்தியது. குடியானவனின் குறையைத் தீர்ப்பதே நல்ல வழி என்பது கும்பினிக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

1805 மார்ச்சில் வெல்லெஸ்லி இந்தியாவை விட்டுக் கப்பல் ஏறினார். அப்போதும் பழசி ராஜா பிடிபடவில்லை.

தலைக்கு விலை

ஆனால் வேறொரு வலை விரிக்கப்பட்டிருந்தது. தலைச்சேரியின் சப் கலெக்டர் தாமஸ் பேபர், உள்ளூர் ஆட்களையே கொண்ட 'கோல்காரர்' என்ற காவல் படையைப் பயன்படுத்தினார். ராஜாவையும் துணைவர்களையும் பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பரிசு என்று பறை சாற்றினார்கள். வெளியூர்ச் சிப்பாய்க்குத் தெரியாத காட்டு வழி, உள்ளூர்க்காரனுக்குத் தெரியுமல்லவா?

தலைக்கல் சந்து பிடிபட்டான். 1805 நவம்பர் 15-ந் தேதி அவன் உயிரைப் பறித்தார்கள். பதினைந்தே நாளில், நவம்பர் 30-ந் தேதி, புல்பள்ளிக்கு அருகே மாவிலத்தோடு என்ற ஓடைக்கரையில் பேபரின் ஆட்கள் ராஜாவை வளைத்துக்கொண்டார்கள். துப்பாக்கிக் குண்டுக்கு அவர் பலியானார் என்கிறது கும்பினியின் குறிப்பு. எதிரி கையில் சிக்காமல் இருக்க, மோதிரத்தின் வைரத்தை விழுங்கி உயிர்விட்டார் என்று மக்கள் சொல்லி வருகிறார்கள். எப்படியானாலும், அவர் உயிரோடு பிடிபடவில்லை.

பேபர் தம் சொந்தப் பல்லக்கில் ராஜாவின் உடலை ஏற்றி மானந்தவாடிக்கு அனுப்பினார். அரசருக்கு உரிய மரியாதையோடு அங்கே தகனம் நடந்தது. எதிரியும் மதித்த வீரம் அது!

அணையாத நெருப்பு

ராஜா மறைந்தார். குறை மறையவில்லை. 1812-ல் குறிச்சியரும் குறும்பரும் மறுபடியும் கிளர்ந்தார்கள். விளைந்த தானியத்துக்குப் பதில் பணமாகவே வரி கட்டு என்று கெடுபிடி செய்தால், காசைக் கண்ணால் காணாதவன் என்ன செய்வான்? அந்தக் கிளர்ச்சியை நடத்த எந்த அரசரும் இல்லை. மலைமக்கள் தாங்களாகவே எழுந்தார்கள். சில வாரங்களில் அதையும் அடக்கிவிட்டது கும்பினி.

உலகின் மறுகோடியில் மெக்சிகோ நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. கரும்புத் தோட்ட முதலாளிகள் விழுங்கிய கிராம நிலங்களை மீட்கப் போராடினார் எமிலியானோ சபாட்டா. அரசுப் படை ஊர்களைக் கொளுத்தியும் அவரைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில், அவர் பக்கம் சேருவதாக நடித்த ஒரு ராணுவ அதிகாரி அவரை அழைத்து, 1919 ஏப்ரல் 10-ந் தேதி சுட்டுக் கொன்றான். மலபாரில் பரிசுப் பணம். மெக்சிகோவில் நட்பு வேஷம். ஊரே காத்து நிற்கும் ஒருவனைப் பிடிக்க, ஊருக்குள்ளேயே ஆள் தேட வேண்டியிருக்கிறது!

மானந்தவாடியில் பழசி ராஜாவின் சமாதி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கே போகிறவர்கள் அரசரை மட்டும் நினைத்தால் போதாது. பெயர் தெரியாமல் மடிந்த அந்த வில் வீரர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால், ராஜாவுக்குக் காடு கோட்டையாகி இருக்காது.