நின்றவூர்ப் பூசலார்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று இன்று சென்னை மாநகரின் மேற்குப் புறமாக வழங்கும் தொண்டை நாட்டுப் பகுதி, அடியார் பலரைப் பெற்ற புண்ணிய பூமியாகும். திருவேற்காட்டிலே மூர்க்க நாயனார் தோன்றினார். பூவிருந்தவல்லியிலே திருக்கச்சி நம்பிகள் அவதரித்துக் காஞ்சிப் பேரருளாளனுக்குத் திருவாலவட்டம் வீசினார். அடியார் வரலாறுகளைத் திருத்தொண்டர் புராணமாகப் பாடிய சேக்கிழார் பெருமானும் அணித்தேயுள்ள குன்றத்தூரினரே. ஆவடிக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த திருநின்றவூர், பூசலார் நாயனாரின் பதி. குடமுழுக்கு மலரைக் கையில் ஏந்தும் அன்பர்கள் இவரை நினைப்பது பொருத்தமுடைத்து. ஏனெனில் இவர் வரலாறு ஒரு குடமுழுக்கு நாளைச் சுற்றி எழுந்த வரலாறேயாகும்.

பூசலார் மறையவர் குலத்தவர். சிவபெருமானிடத்தும் அவன் அடியாரிடத்தும் இடையறாத அன்பு பூண்டவர். தம் பெருமானுக்கு ஒரு கற்கோயில் எடுத்தல் வேண்டும் என்னும் ஆவல் அவருக்கு எழுந்தது. கைப்பொருளோ இல்லை. பொருள் வேண்டிப் பல இடங்களிலும் வருந்தித் தேடினார், சிறிதும் கிட்டவில்லை.

திருப்பணிக் குழுவில் இருந்து, நன்கொடைப் புத்தகமும் கையுமாகத் தெருத்தெருவாய்ச் சென்றவர்களுக்கு இந்நிலை நன்கு விளங்கும். ஒரு வீட்டில் நாளை வரச் சொல்லுவர். மற்றொரு வீட்டில் பெரியவர் ஊரில் இல்லை என்பர். பூசலார் எந்த வாயிலில் நின்றார், யார் மறுத்தார் என்பதைச் சேக்கிழார் கூறவில்லை; ஊரார்மேல் ஒரு சொல்லும் பழியாக வைக்கவில்லை. ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகின்றது. திருமகள் வந்து நின்றமையால் அவ்வூர் திருநின்றவூர் எனப் பெயர் பெற்றது என்பது தலவரலாறு. அங்கே பக்தவத்சலப் பெருமாளுடன் எழுந்தருளியிருக்கும் பிராட்டிக்கு என்னைப் பெற்ற தாயார் என்பது திருநாமம்; திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற திவ்விய தேசம் அது. செல்வத்துக்குரிய தெய்வமே நின்ற ஊரில், ஒரு கோயிலுக்கு வேண்டிய பொருள் அவருக்குக் கிட்டாமற் போயிற்று.

மனம் நைந்த பூசலார், கோயிலை நினைவினாலேயே எடுப்பது என்று துணிந்தார். இவ்விடத்தில் அன்பர்கள் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். நினைவிலே கட்டுவது என்றால் ஒரு நொடியில் பொற்கோயிலே எழுப்பிவிடலாம், தடுப்பார் யார்? பூசலார் அவ்வாறு செய்யவில்லை. பொருளையும் நினைவிலேதான் திரட்டினார். அதனையும் சிறிது சிறிதாகவே திரட்டினார். வேண்டும் சாதனங்களைத் தேடிக்கொண்டார். தச்சர்களை அமர்த்தினார். ஆகம முறைப்படி நன்னாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் உறங்காது பணியை நடத்தினார்.

கற்றளி ஒன்றின் விமானம் ஆறு உறுப்புக்களை உடையது என்பர் சிற்ப நூலார். தாங்கி நிற்கும் அதிட்டானம், சுவராகிய பாதம், கூரை வரிசையாகிய பிரஸ்தரம், கழுத்தாகிய கிரீவம், சிகரம், தூபி என்பன அவை. ஒன்று முற்றியபின்னரே அடுத்தது தொடங்கும். பூசலாரின் கோயிலும் இம்முறையிலேயே எழுந்தது. அடியிலுள்ள உபானம் முதலாக வரிசை வரிசையாகக் கல்லடுக்கி, அளவு தவறாமல் சிகரம் அமைத்தார். தூபி நாட்டிச் சுதை வேலையும் முடித்தார். அதன் பின்னரும் பணி ஓயவில்லை. கிணறு தோண்டினார், சுற்று மதில் எழுப்பினார், திருக்குளமும் அகழ்ந்தார். இவ்வளவிற்கும் நெடுநாள் சென்றது. திருமயிலையில் வாயிலார் நாயனாரும் உள்ளத்தே கோயில் அமைத்து வழிபட்டவர்தாம். எனினும் வேலையாளோடும் அளவுகோலோடும் ஒரு திருப்பணியை அகத்தே நாள்தோறும் நடத்திய அருமை பூசலாருக்கே உரியது. பணி நிரம்பியது கண்டு, இறைவனை எழுந்தருளச் செய்யும் நாளையும் அவர் குறித்தார்.

அக்காலத்தில் காஞ்சிமாநகரில் பல்லவ மன்னன் ஒரு பெருங்கோயிலை எடுத்து முடித்திருந்தான். சேக்கிழார் அவனைக் காடவர் கோமான் என்ற அளவில் சுட்டுகிறார். கி.பி. 700 முதல் ஏறத்தாழ 728 வரை ஆண்ட இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனே இம்மன்னன் என்றும், கோயில் இன்றும் காஞ்சியில் நிற்கும் கைலாசநாதர் கோயில் என்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர். சிவசூடாமணி, ஆகமப்பிரியன் முதலிய விருதுப் பெயர்களைச் சூடியவன் அவன். மணற்கல்லால் ஆகிய அவ்விமானத்தையும், திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களையும் கண்டவர், அவன் வாரி வழங்கிய செல்வத்தை ஊகித்து அறியலாம். அக்கோயிற் கல்வெட்டு ஒன்று, முன்னை யுகத்து அரசர்கள் கேட்ட அசரீரி வாக்கைக் கலியுகத்தில் இவ்வரசனும் கேட்டான் என்று வியந்து பேசுகின்றது. பூசலார் வரலாற்றோடு அதனை இயைத்துக் காண்பார் உளர்.

மன்னனும் அதே நாளையே குடமுழுக்கிற்குக் குறித்திருந்தான். அதற்கு முன்னாள் இரவு, இறைவன் அவன் கனவிலே தோன்றினான். திருநின்றவூரில் பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து எடுத்த ஆலயத்தில் நாளை தான் புகப்போவதாகவும், அரசன் தன் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்ளுமாறும் அருளி மறைந்தான். காஞ்சிக் கோயிலை இறைவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசனுடைய அன்பில் குறை கண்டதாகவும் புராணம் பேசவில்லை. நாள் ஒன்றே தள்ளிப்போயிற்று.

கண்விழித்த அரசன் சினங்கொள்ளவில்லை. ஏவலாளரை அனுப்பி விசாரிக்கவும் இல்லை. அத்தகைய அடியாரைத் தானே கண்டு வணங்க வேண்டும் என்று திருநின்றவூருக்குப் புறப்பட்டான். யானை, சேனை, அமைச்சர், கட்டியக்காரர் எல்லாம் திகைத்திருப்பர். மறுநாள் விழாவிற்காகக் கூடிய கூட்டத்தை விட்டு நீங்குவது எளிய செயலன்று.

ஊரை அடைந்ததும் பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று வினவினான். ஊரார் விழித்தனர். அப்படி ஒரு கோயில் அங்கே இல்லை. பொருளின்றி அலைந்தவர் கட்டிய கோயிலைப் பேரரசன் தேடி வருவதாவது! அரசன் ஊர் அந்தணரை எல்லாம் அழைப்பித்துக் கேட்டான். பூசலார் குற்றமற்ற வேதியர், இவ்வூரினரே என்ற அளவில் அவர்கள் விடை இறுத்தனர். எத்தனையோ நாட்களாகத் தங்கள் நடுவே அடிநிலை இட்டு, சிகரம் ஏற்றி, குளம் அகழ்ந்து முடிந்த ஒரு திருப்பணியை அவர்களில் ஒருவரும் அறிந்திலர். அடுத்த வீட்டில் இருப்பவர் உள்ளத்தை நாம் மட்டும் எவ்வளவு அறிவோம்?

அவரை அழைத்துவர ஊரார் முற்பட்டும், அரசன் அதற்கு இசையாமல் தானே அவர் இருக்குமிடம் சென்று தொழுதான். எண்டிசையோரும் போற்ற இவர் எடுத்த ஆலயம் யாது என்று பணிவுடன் வினவி, கனவின் செய்தியையும் தெரிவித்தான். பூசலார் நடுங்கினார், ஒரு பொருளாகத் தம்மையும் இறைவன் எண்ணினானே என்று உருகினார். பொருள் கிட்டாமையால் மனத்திலே கோயில் எடுத்த வகையை உள்ளவாறு எடுத்துரைத்தார். அவருடைய கோயிலைப் பற்றிப் பிறர் அறிந்தது அன்றுதான் முதல் முறை. கேட்ட மன்னன் நிலமுற வீழ்ந்து வணங்கித் தன் நகருக்கு மீண்டான்.

பூசலார் குறித்த நல்வேளையில் இறைவனைத் தம் நெஞ்சக் கோயிலில் எழுந்தருளச் செய்தார். அதன்பின் காலந்தோறும் பூசனை தவறாது நெடுநாள் வழிபட்டுத் திருவடி அடைந்தார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் அவரைப் போற்றினார். நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில் இச்செய்தியைச் சுருங்கச் சொன்னார். அதனை 12ஆம் நூற்றாண்டில் விரித்துப் பாடினார் சேக்கிழார்.

திருநின்றவூரில் இப்போது கல்லாலேயே ஒரு சிவாலயம் உண்டு. இறைவன் இருதயாலீசுவரர், அம்மை மரகதாம்பிகை. கருவறையில் இலிங்கத் திருமேனியின் அருகே பூசலாரின் திருவுருவமும் உள்ளது. வேறு தலங்களில் காண்பதற்கு அரிய காட்சி அது. இருதய நோயுற்றோரும் அவர்தம் உற்றாரும் வந்து வேண்டிச் செல்கின்றனர். நாயனாரின் குருபூசை ஐப்பசித் திங்கள் அனுட நாள்.