நூல் காத்த நாவலர் பெருமான்

திருக்கோயிலைக் கல்லாலும் சுதையாலும் எழுப்புவோர் ஒரு வகையினர். அக்கோயிலின் வரலாறும், அங்கே ஓதப்பெறும் திருமுறையும், அவற்றின் பொருளை உணரும் அறிவும் அழிந்துபடாதவாறு நூல்வழிக் காப்போர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் திருப்பணிக்கே தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள்.

1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய மைந்தராக நாவலர் தோன்றினார். தமிழைப் பண்டிதர்களிடத்தும் ஆங்கிலத்தை யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலும் கற்றுத் தேர்ந்தார். அப்பாடசாலையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்கு உறுதுணையாக நின்றவரும் நாவலரே. நூல் ஒன்று பிழையின்றி உருவாகி அச்சேறுவதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை இப்பணியால் அவர் நேரிற் கண்டார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அச்சுப் பொறிகள் மிஷன் சங்கத்தார் கையில் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் படித்த அச்சுப் புத்தகங்களும் அவர்கள் வெளியிட்டவையே. தமிழரின் பழைய நூல்களோ பனையோலை ஏடுகளிற் கிடந்தன. செல்லரித்தும் சிதைந்தும் ஏடுகள் மறைந்து வந்தன. எஞ்சியவற்றிலும் எழுதுவோர் பிழைகள் மலிந்திருந்தன. பிள்ளைகள் தங்கள் முன்னோர் நூலைக் காணாமலே வளரும் காலம் அணுகியதை நாவலர் உணர்ந்தார்.

1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் அங்கேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சம்பளம் தந்த ஆசிரியப் பதவியைத் துறந்தார், இல்லறத்திலும் புகவில்லை. பாடசாலை உண்டாயிற்று, பாடப் புத்தகம் இல்லை. அக்குறை தீர்க்க, அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு, 1849இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் கடல் கடந்து தமிழகம் சென்றார். செல்லும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்திற் செய்த பிரசங்கத்துக்காக வழங்கப்பெற்றதே ‘நாவலர்’ என்னும் பட்டமாகும். சென்னையில் யந்திரம் வாங்கி மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார்.

அவ்வியந்திரசாலையிலிருந்து சிறுவர்க்குப் பாலபாடங்கள் வெளிவந்தன. செய்யுளை ஓத மாட்டாதாரும் அறுபத்து மூவர் வரலாற்றை அறியுமாறு 1852இற் பெரியபுராணம் வசனமாக வெளிவந்தது. ஏடு பலவற்றை ஒப்பு நோக்கி, பாடம் தெளிந்து, அச்சுத் தாளையும் தாமே திருத்துதல் அவர் வழக்கம். சந்தி பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும் எளியோரும் படிக்குமாறு வசன நடையை அமைத்தார். பின்னர்ச் சென்னையிலும் யந்திரசாலை நிறுவினார். 1864இற் சிதம்பரத்தில் வித்தியாசாலை கண்டார். இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் பொருளுதவ, திருக்கோவையார் உரையும் திருக்குறட் பரிமேலழகர் உரையும் அச்சேறின. கோபுரத் திருப்பணிக்குப் பொருள் ஈவோரைப் போலவே நூற்பதிப்புக்கு ஈந்தவரும் நிலைத்த அறம் செய்தவராவர் என்பது இதனால் விளங்கும்.

தம் நாட்டுக் கோயில்களின் நிலையை எழுதிய நூலும் அவர் பணிகளுள் சிறந்தது. 1872இல் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் சிறு நூலில், ஆலயங்களில் கண்ட குறைகளைத் தயக்கமின்றி எடுத்துரைத்தார். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பெற்று இருந்த இடமும் காடாய்க் கிடந்ததை நினைவூட்டி, அதனை மீண்டும் எழுப்புமாறு சைவ மக்களை வேண்டினார். அவ்வேண்டுகோள் வீணாகவில்லை. 1893இற் கோயில் நிலம் சைவ மக்களால் வாங்கப்பெற்றது. 1903இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதனைக் காண நாவலர் இல்லை. எனினும், பூட்டிய கதவினும் வலிய காட்டைத் திறந்தது, சில தாள்களில் அச்சிட்ட அவருடைய சொல்லே.

1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தார். பசித்த வயிறு நூலைக் கல்லாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் சிவபதம் எய்தினார். கார்த்திகை மாத மக நாளில் அவர் குருபூசை நடைபெறுவது வழக்கம். 1971இல் இலங்கை அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் முத்திரை வெளியிட்டது.

கோயிலிற் குடமுழுக்கு நிகழும் நாளில் ஓதப்பெறும் திருமுறையும், கையில் தவழும் புராணமும் ஏட்டிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் நாவலர் பெருமானின் கையும் உண்டு. திருவிளக்கு ஏற்றும் நெய்க்குப் பொருள் தரும் அன்பர்கள், நூலாகிய விளக்குக்கும் சிறிது நெய் வார்ப்பார்களாயின், அவர் தொடங்கிய திருப்பணி தொடர்ந்து நடைபெறும்.