விளக்கேந்திய அம்மையார் சொல்லித் தந்தது

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. கையில் விளக்கோடு நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீங்க. அந்த விளக்கு வெளிச்சத்தில் அவர் எதைப் பார்த்தார் என்று தெரியுமா?

இவர் 1820 மே 12 அன்று இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். அந்த ஊர்ப் பெயரையே வைத்து விட்டார்கள். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். நர்ஸ் வேலைக்கு அப்போது மதிப்பே கிடையாது. அதனால் வீட்டில் எவ்வளவோ தடுத்தாங்க. அவர் மனம் மாறவில்லை.

1854-ல் கிரிமியப் போரின்போது 38 பெண்களோடு துருக்கியில் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே காயத்தால் இறந்தவர்களை விட நோயால் இறந்தவர்களே அதிகம். அந்தக் காலத்தில் சின்ன தெர்மாமீட்டர் கிடையாது. கையில் பட்டை சுற்றி பி.பி. பார்க்கும் கருவியும் வரவில்லை. நர்ஸோட கண்ணும் காதும் கையும்தான் கருவி.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்ஸ் பள்ளி தொடங்கியது. நாடி, மூச்சு, தோல், தூக்கம், பசி, புண்ணின் நிலை இதையெல்லாம் கவனித்துப் பார்க்க அங்கே பழக்கினார்கள்.

அவர் எழுதிய புத்தகத்தில் இரண்டு நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறார். இரண்டு பேருக்குமே ராத்திரி சரியில்லை என்றுதான் பதில் வந்ததாம். ஒருவர் நடுவில் கொஞ்சம் விழித்தவர். இன்னொருவரோ ஐந்து நாள் கண்ணே மூடாமல் இறந்தே போனார்! அதனால் எத்தனை மணி நேரம் தூங்கினார், எப்போது தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்கிறார்.

1910 ஆகஸ்ட் 13 அன்று 90 வயதில் அம்மையார் மறைந்தார். இன்று நர்ஸ் அக்காமார்கள் காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. பார்த்து அட்டையில் எழுதுறாங்க. வலியையும் 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லச் சொல்றாங்க. பெரியவங்களுக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 இருக்கணும்.

தோழிகளே, நம்ம பாட்டிகிட்ட பரவாயில்லையான்னு கேட்டா, வலியை மறைச்சுக்கிட்டு பரவாயில்லைன்னுதான் சொல்லும். எங்கே வலிக்குது, எப்போ இருந்து, ராத்திரி தூக்கம் வந்துச்சா, எவ்வளவு சாப்பிட்டுச்சுன்னு கேளுங்க. ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அந்தத் தாள் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி