ஐஸ் விற்ற அரசன்

பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கடல் கடந்து விற்கப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் ஊர் சும்மா இருக்குமா? 1806-ல் பாஸ்டன் நகரம் கைகொட்டிச் சிரித்தது. கிளம்பியவர் பிரெடரிக் டியூடர். வயது 22.

சுமார் 130 டன் ஐஸுடன் மார்ட்டினிக் தீவுக்குப் போனார். அங்கே ஐஸைச் சேமித்து வைக்கக் கிடங்கு இல்லை. போட்ட பணம் தண்ணீராகவே ஓடிவிட்டது! பின்னர் கடனுக்காகச் சிறைவாசமும் வந்தது.

மனிதர் அசையவில்லை. மரத்தூளில் பொதிந்தால் ஐஸ் சீக்கிரம் உருகாது என்று கண்டார். வையத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையைச் செய்து கொடுத்தார். உறைந்த ஏரிகளை வயல்போல் உழுது, பாளம் பாளமாக அறுத்தார்கள்.

1833-ல் 180 டன் ஐஸுடன் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரு முறை கடந்தாக வேண்டும். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம்!

அடுத்தது சென்னை. அந்நாளில் இங்கே துறைமுகம் ஏது? இராயபுரம் தொடங்கித் தெற்கே நெடுக வெறும் மணற்கரை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். மசூலாப் படகுக்காரர்கள் அலையோடு மல்லாடிச் சரக்கை இறக்குவார்கள். அப்படி வந்த ஐஸுக்காகத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842-ல் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இடையில் காப்பி வியாபாரத்தில் இறங்கி, இரண்டு லட்சம் டாலருக்கு மேல் நஷ்டப்பட்டார் டியூடர். அந்தக் கடனையும் ஐஸ் விற்றே அடைத்தார். 1864-ல், 80-வது வயதில் காலமானார்.

உறைந்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று ஜனங்கள் நம்பிய காலம் அது. 1887-ல் நியூயார்க் டாக்டர் பிரட்டன் அந்த நம்பிக்கையை உடைத்தார். டைபாய்டு கிருமி ஐஸில் மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடு கிடந்தது!

டைபாய்டு கிருமியாவது குளிரைத் தாங்கிக் கிடப்பது. ஏரிநீரில் குளிரையே வீடாகக் கொண்டு பெருகும் பாக்டீரியாக்களும் உண்டு. குளிர்ந்த நன்னீரில் மீன்களைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் 2007-ல் முழுதும் படித்து வெளியிட்டார்கள். சுமார் 28 லட்சம் எழுத்துக்கள்! இத்தகைய கிருமிகளின் சூட்சுமம் மேல்தோலில் இருக்கிறது. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிறது. நல்லெண்ணெய் உறைவதில்லை அல்லவா? அதுபோல உறையாத கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்கள் அவற்றுக்கு உண்டு. அதனால் குளிரிலும் மேல்தோல் விறைக்காது.

காசிமேட்டில் ஐஸ் பெட்டியில் அடுக்கிய மீனும் நாளடைவில் கெட்டுப்போவது, இப்படிக் குளிருக்குப் பழகிய பாக்டீரியாக்களால்தான்.