பெயர்களை வாசித்த பேராயர்



அதிகாரத்தில் இருப்பவர்களே ஏழைக்கு அநீதி இழைத்தால், அவர்களைக் கேள்வி கேட்பது யார்? கேட்டதற்காக உயிரைக் கொடுத்தவர் புனித ஆஸ்கர் ரொமேரோ.

1917ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் எல் சால்வதோர் நாட்டில் பிறந்த இவர், 1942இல் உரோமையில் குருவானார். 1977 பிப்ரவரியில் சான் சால்வதோர் பேராயரானபோது, அமைதியான இவரால் தொல்லை வராது என்றே பலரும் எண்ணினர். ஆனால் மூன்று வாரங்களுக்குள், மார்ச் 12ஆம் நாள், ஏழை உழவர்களோடு வாழ்ந்த இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே, ஒரு முதியவரோடும் ஒரு சிறுவனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலை முறையாக விசாரிக்கப்படும்வரை அரசு விழாக்களில் பங்கேற்பதில்லை எனப் பேராயர் முடிவெடுத்தார்.

அதன்பின் பேராயத்தின் சட்ட உதவி அலுவலகம் காணாமற்போனோர், சித்திரவதைக்குள்ளானோர் பற்றிய விவரங்களைத் திரட்டியது. ஞாயிறு மறையுரைகளில் அவர்களுடைய பெயர்களை வாசித்தார் ரொமேரோ. பேராயத்தின் வானொலி வழியாக நாடே அதைக் கேட்டது. 1978இல் நீதிபதிகளின் நேர்மையின்மையை அவர் கண்டித்தபோது, பெயர்களைச் சொல்லுமாறு உச்ச நீதிமன்றம் கேட்டது. அவரோ, தங்கள் பிள்ளைகளைத் தேடி அலையும் தாய்மாரையும், கவனிக்கப்படாத ஆட்கொணர்வு மனுக்களையும் சுட்டிக்காட்டினார்.

1980 மார்ச் 23ஆம் நாள், மக்களைக் கொல்லும் ஆணைக்குப் பணிய வேண்டாம் எனப் படைவீரர்களைக் கெஞ்சிக் கேட்டார். மறுநாள் மாலை திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1993இல் ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை ஆணையம், அக்கொலைக்கு ஆணையிட்டவர் முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவர் என அறிவித்தது. ஐந்தே நாள்களில் நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டம் நிறைவேற்றி, குற்றவாளிகளுக்குக் காப்பளித்தது. 2016இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. 2018 அக்டோபர் 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் ரொமேரோவைப் புனிதராக அறிவித்தார்.

மன்னிப்பது நம் கடமை அல்லவா, பிறகு எதற்கு வழக்கும் தண்டனையும் என நாம் கேட்கலாம். லூக்கா நற்செய்தியின் சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். அவரும் அதிகாரிதான். இயேசு அவரது வீட்டில் தங்கினார். அவரோ ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். உண்மையை மூடி மறைப்பது மன்னிப்பு ஆகாது. தவறிய அதிகாரி சட்டத்தின்முன் நிற்பது, பாதிக்கப்பட்டவருக்கு நீதி. அவருக்கோ மனந்திரும்ப ஒரு வாய்ப்பு.

நம் பங்கில் காவல் நிலைய வாசலில் தனியே நிற்கும் ஏழை யார்? அவரோடு துணைக்குச் செல்வோமா? சிந்திப்போம். புனித ஆஸ்கர் ரொமேரோவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.