உண்மை தேடிய உள்ளம்: பண்டித ரமாபாய்

நுழையும்முன்

பெற்றோர் காட்டிய வழியிலேயே நடந்து இறைவனைக் கண்டு நிறைவடைவோர் உண்டு. சிலருக்கோ அத்தேடல் வாழ்நாள் முழுவதும் நீளும் பயணமாகிறது. வடமொழிப் புலமை நிறைந்த குடும்பத்தில் வளர்ந்து, கிறித்தவ நெறியில் இறைவனைக் கண்டு, தாம் கண்ட அன்பை ஆதரவற்ற பெண்களுக்கு அடைக்கலமாக்கியவர் பண்டித ரமாபாய். அவருடைய தேடலின் கதையே இப்பாடம்.

கூடையில் தொடங்கிய பயணம்

மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கருநாடக மாநிலத்திற்கு உட்பட்ட கங்காமூலா என்னும் காட்டுப் பகுதியில் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி தோங்ரே, தாய் இலட்சுமிபாய். பெண்கள் வடமொழி கற்பது தகாது என்று கருதப்பட்ட அக்காலத்தில், அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கு அம்மொழியைக் கற்பித்தார். அதனால் எழுந்த எதிர்ப்பை அவர் சாத்திரச் சான்றுகளைக் கொண்டே எதிர்கொண்டார். கணவரிடம் கற்ற இலட்சுமிபாய் பின்னர் மகளுக்கு ஆசிரியரானார்.

ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் காட்டைவிட்டுத் திருத்தலப் பயணம் புறப்பட்டது. பிரம்புக் கூடையில் வைத்துச் சுமந்து செல்லப்பட்ட அக்குழந்தைக்கு ஊர்தோறும் நடப்பதே வாழ்க்கையாயிற்று. கோயில்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் வாசித்து, மக்கள் தரும் காணிக்கையைக் கொண்டு அக்குடும்பம் வாழ்ந்தது. நடந்துகொண்டே கற்ற ரமாபாய், சிறு வயதிலேயே பாகவத புராணத்தை மனப்பாடம் செய்திருந்தார்.

பஞ்சம் எழுப்பிய வினா

1870களில் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. கையிருப்புக் கரைந்தது, உடல் உழைப்பில் பழக்கமில்லாத அக்குடும்பம் பட்டினியில் ஆழ்ந்தது. தந்தை, தாய், தமக்கை ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தாயின் பாடையைச் சுமக்க ஆள் போதவில்லை. அண்ணன் சீனிவாசனுடனும் உதவ முன்வந்த இருவருடனும் ரமாபாயும் தோள்கொடுக்க முன்வந்தார். உயரம் குறைந்தவராதலால், தம் பங்குச் சுமையைத் தலையில் தாங்கிச் சுடுகாடுவரை நடந்தார்.

அதன்பின் அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான கல் தொலைவு நடந்தனர். நோன்பு, நீராடல், வழிபாடு என எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆயினும் இறைவன் தம் குரலைக் கேட்கிறானா என்னும் ஐயம் இருவர் உள்ளத்திலும் வளர்ந்தது. ஐயத்தை மறைத்துக்கொண்டு வாழ ரமாபாயால் இயலவில்லை. அதுவே அவரை மேலும் தேடத் தூண்டியது.

1878ஆம் ஆண்டு இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். ரமாபாயின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் 'பண்டிதா', 'சரசுவதி' என்னும் பட்டங்களை அவருக்கு வழங்கினர். பிரம்ம சமாசத் தலைவர் கேசவ சந்திர சென் வேதநூலை அளித்துப் படிக்குமாறு ஊக்கினார். பெண்களிடையே சொற்பொழிவு ஆற்றுவதற்காகத் தரும சாத்திரங்களை ஆழ்ந்து கற்றபோது, பெண்ணாய்ப் பிறந்தவர் பெண்ணாகவே வீடுபேறு எய்த அவற்றில் இடமில்லை என்று ரமாபாய் உணர்ந்தார். பெண்ணையும் ஒடுக்கப்பட்டவரையும் விலக்கிவைக்காத இறைவன் எங்கே என்பதே அன்றுமுதல் அவருடைய வினாவாயிற்று.

இழப்பும் புதிய வழியும்

1880ஆம் ஆண்டு சீனிவாசன் இறந்தார். அதே ஆண்டில், வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் விபின் பிகாரி மேதாவியை ரமாபாய் மணந்தார். அசாமின் சில்சாரில் வாழ்ந்த காலத்தில், வங்காள மொழியில் அமைந்த லூக்கா நற்செய்தி நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அது அவர் மனத்தை ஈர்த்தது. இதற்கிடையில், மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் கணவர் காலரா நோய்க்கு இரையானார். கைக்குழந்தை மனோரமாவுடன் ரமாபாய் கைம்பெண்ணாக நின்றார்.

துயரத்தில் அவர் முடங்கிவிடவில்லை. 1882இல் புனேயில் ஆரிய மகிளா சமாசத்தை நிறுவினார். அரசு அமைத்த அண்டர் கல்விக் குழுவின்முன் தோன்றி, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என்று சான்றுரைத்தார். மருத்துவம் பயிலும் நோக்குடன் 1883ஆம் ஆண்டு மகளுடன் இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குறைந்ததால் அக்கனவு நிறைவேறவில்லை.

அங்கு வாண்டேஜ் நகரில் கிறித்தவத் துறவியர் சபையினருடன் தங்கினார். இலண்டனைச் சார்ந்த புல்ஹாமில், சமூகத்தால் இழிவாகக் கருதப்பட்ட பெண்களை அச்சபையினர் அன்போடு பேணுவதைக் கண்டார். இத்தகைய பெண்களுக்கு இரங்குவது எவ்வாறு என்று வினவிய அவருக்கு, இயேசு சமாரியப் பெண்ணிடம் உரையாடிய நிகழ்வு எடுத்துரைக்கப்பட்டது. பலரும் ஒதுக்கிய ஒரு பெண்ணிடம் இறைவனைப் பற்றிப் பேசிய இயேசுவிடம் தம் நெடுநாள் வினாவுக்கு விடை இருப்பதாக அவர் உணர்ந்தார். 1883 செப்டம்பர் 29ஆம் நாள் மகளுடன் திருமுழுக்குப் பெற்றார்.

வளையாத மனச்சான்று

திருமுழுக்கோடு தேடல் முடிந்துவிடவில்லை. திருச்சபையின் கோட்பாடுகளை அவர் வினாவின்றி ஏற்றுக்கொள்ளவில்லை. மூவொரு கடவுள் கொள்கை குறித்துத் தம் வழிகாட்டிகளுடன் கடிதங்கள் வாயிலாக வாதிட்டார். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் பணியாற்றியபோது, ஆண் மாணவர்களுக்கு அவர் கற்பிப்பதை ஆயர்கள் மறுத்தனர். தம் நாட்டில் ஆண்களும் நிறைந்த அவைகளில் உரையாற்றிய ரமாபாய் அத்தடையை ஏற்கவில்லை. அயல்நாட்டுப் பழக்கங்களைச் சமயத்தோடு சேர்த்துக் கட்டாயமாக்குவதையும் அவர் விரும்பவில்லை. சைவ உணவையே உண்டுவந்தார். ஒரு சமயத்தின் அதிகாரத்தைக் கேள்விக்கு உட்படுத்தியவர், மற்றொரு சமயத்தின் அதிகாரத்துக்கும் கண்மூடிப் பணியவில்லை.

1886இல் அமெரிக்கா சென்ற அவர், அடுத்த ஆண்டு 'இந்து உயர்சாதிப் பெண்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டுக் கைம்பெண்களின் துயரை உலகறியச் செய்தார். தாயகம் திரும்பி, 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் 'சாரதா சதன்' என்னும் பள்ளி இல்லத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அது புனேவுக்கு மாற்றப்பட்டது.

1891ஆம் ஆண்டளவில் ரமாபாய் தம்மைத் தாமே ஆராய்ந்தார். கிறித்தவ சமயத்தை அறிவால் ஏற்ற தாம், கிறித்துவை இதயத்தால் இன்னும் பற்றிக்கொள்ளவில்லை என்று உணர்ந்தார். திருமுழுக்குப் பெற்று எட்டாண்டுகள் கழிந்தபின், தம்மை முழுமையாக இறைவனிடம் ஒப்படைத்து உள்ளத்தில் அமைதி கண்டார்.

அந்த அமைதியும் சோதனைக்கு உள்ளாயிற்று. அவருடைய வழிபாட்டில் மாணவியர் சிலர் தாமாகக் கலந்துகொண்டனர். பொதுவான கல்விக்கென நிறுவப்பட்ட இல்லத்தில் இது முறையா என்னும் கண்டனம் 1893இல் வலுத்தது. துணைநின்ற ரானடே, பண்டார்கர் முதலிய அறிஞர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். எவரையும் மதம் மாறுமாறு தாம் வற்புறுத்தவில்லை என்று விளக்கிய ரமாபாய், தம் வழிபாட்டை மறைக்க மட்டும் இசையவில்லை.

விடுதலை இல்லம்

1896 – 97இல் நடு இந்தியாவில் பஞ்சம் பரவியது. பட்டினியின் கொடுமையைத் தம் உடலால் அறிந்திருந்த ரமாபாய் அங்கு விரைந்து, ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமியரையும் மீட்டுவந்தார். புனேவை அடுத்த கெட்காவில் அவர்களுக்காக எழுந்த இல்லத்துக்கு 'முக்தி' எனப் பெயரிட்டார். விடுதலை என்பது அதன் பொருள். 1900ஆம் ஆண்டளவில் அங்கு அடைக்கலம் பெற்றோர் எண்ணிக்கை ஏறத்தாழ 2000 ஆயிற்று. நெசவு, வேளாண்மை, அச்சுத்தொழில் எனப் பல பணிகளைப் பெண்களே கற்று நடத்தினர்; பார்வையற்றோருக்கும் கல்வி அளிக்கப்பட்டது.

எளிய மக்களும் புரிந்துகொள்ளும் மராத்தி மொழியில் விவிலியம் அமைய வேண்டும் என விரும்பிய ரமாபாய், எபிரேயமும் கிரேக்கமும் பயின்று மூலத்திலிருந்தே அதனை மொழிபெயர்த்தார். பல்லாண்டுகள் நீண்ட அப்பணிக்கு முக்தி இல்லத்துப் பெண்கள் அச்சுக் கோத்தனர். 1921இல் மகள் மனோரமா மறைந்தார். அத்துயரிலும் பணியைத் தொடர்ந்த ரமாபாய், 1922 ஏப்ரல் 5ஆம் நாள் இயற்கை எய்தினார். முக்தி இல்லம் இன்றும் கெட்காவில் இயங்கிவருகிறது.

இறைவனை முழு உள்ளத்தோடு தேடுவோர் தம் ஐயங்களை ஒளித்துவைப்பதில்லை. கண்ட உண்மைக்குரிய விலையைக் கொடுக்கவும் தயங்குவதில்லை. தாயின் பாடையைத் தலையில் சுமந்த பெண், பின்னாளில் ஆயிரக்கணக்கானோரின் துயரச் சுமையைத் தம் சுமையாக ஏற்றார். எந்நெறியில் நின்று வாழ்வோரும் எண்ணிப் பார்த்தற்குரியது அவ்வாழ்வு.